மகன் பெயரால் ஒரு பயிற்சிச் சாலை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரயில்வே ஊழியராகிய நாம் ஓர் ஒழுங்கை நன்கறிவோம். துணை ஓட்டுநராகச் சேர்ந்தவர், சரக்கு வண்டியில் கைபழகிய பின்னரே பயணிகள் வண்டியை ஏற்கிறார். படி தாண்டி எவரும் ஏறுவதில்லை.

நமது விமானப் படையிலோ பல்லாண்டுகள் ஒரு படி குறைந்திருந்தது. மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து, ஒலியினும் இருமடங்கு விரையும் மிக்-21 விமானத்திற்கு இளைஞர் தாவ நேர்ந்தது. உயர்நிலைப் பயிற்சி விமானம் வேண்டுமென 1982-இலேயே ஒரு குழு பரிந்துரைத்தது. அத்தகைய ‘ஹாக்’ விமானம் படையில் சேர்ந்தது 2008-இல்தான்!

இடையில், 2001 செப்டம்பர் 17 அன்று இராஜஸ்தானத்துச் சூரத்கரில் மிக்-21 வீழ்ந்து பிளைட் லெப்டினன்ட் அபிஜித் காட்கில் மாண்டார். அவர்தம் அன்னை கவிதா காட்கில் அம்மையாரும் தந்தை அனில் காட்கில் அவர்களும் அழுது ஓய்ந்துவிடவில்லை. மகன் பெயரால் விமானப் பாதுகாப்பு அறக்கட்டளை நிறுவினர். பூனாவில் ‘ஜீத்’ விமானக் கல்வி நிலையம் கண்டனர். பறத்தலைத் தரையிலேயே பழக்கும் பொறியையும் அமைத்தனர். பிழை செய்தாலும் உயிர் போகாத இடமன்றோ அது! மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றன. அப்பெற்றோர் தந்த பாடம் ஓயவில்லை.

மறைந்தோர்க்கு நாம் விளக்கேற்றுகிறோம், அன்னமிடுகிறோம். அவற்றோடு இதனையும் செய்வோம். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பட்டறைத் தொழிலும் மின்தொழிலும் பழகும் நம் பிள்ளைகளுக்கு, மறைந்தோர் பெயரால் காப்புக் கருவிகளும் முறையான பயிற்சியும் அளிப்போம். போன உயிரை மீட்க இயலாது. இருக்கும் உயிரைக் காக்க இயலும்.