தாமரையும் அல்லியும் உடன்பிறந்தவையா?



நம் சாகாமத்துப் பிள்ளைகளுக்குக் குளம் புதிதன்று. குளத்திலே தாமரையையும் அல்லியையும் காணும் எவரும் அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே கொள்வர். ஒரே சேறு, வட்ட இலை, பல இதழ் மலர். தாவரங்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்துப் பேரறிஞரும் 1753இல் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார்.

ஆயினும் கூர்ந்து நோக்கினோர்க்கு ஐயம் எழுந்தது. அல்லியிலை ஒரு பக்கம் பிளந்து நீரிலே படிந்து கிடக்கும். தாமரையிலையோ பிளவின்றி, நடுவிலே காம்பு தாங்க, நீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். தாமரையின் மகரந்தத் துகளில் மூன்று பிளவுகள் உண்டு; அல்லியின் துகளிலோ அவை இல்லை.

இவ்வழக்கைத் தீர்த்து வைத்தது டி.என்.ஏ. ஆகும். அது தலைமுறை தோறும் பெயர்த்தெழுதப்படும் ஓர் ஏடு போன்றது. எழுதும்போது பிழை நேர்வதுண்டு. ஒரே பிழைகள் இரண்டு சுவடிகளில் காணப்படின், அவை ஒரு மூலச் சுவடியின் வழிவந்தவை என்று பதிப்பாசிரியர் துணிவர் அன்றோ? அவ்வாறே 1993இல் மார்க் சேஸ் முதலிய 42 ஆய்வாளர்கள், பச்சையமணிகளில் உள்ள ஒரு மரபணுவை 499 தாவர இனங்களில் ஒப்பிட்டு நோக்கினர். தாமரை அல்லியின் குலத்தைச் சேர்ந்ததன்று என்பது தெளிவாயிற்று. பின்வந்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. அல்லி, பூக்குந் தாவரங்களுள் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து சென்ற கிளை. தாமரைக்கு நெருங்கிய உறவோ, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரம்!

குளத்து மலருக்கு மலைமரம் உறவு. பக்கத்திலே மலர்வது தூரத்துச் சொந்தம். நீரிலே வாழும் வாழ்வு இரண்டிற்கும் ஒத்த உருவைத் தந்தது, உறவைத் தரவில்லை.

இதனால் நமக்கு ஒரு கடமையும் உண்டு. நீல அல்லி 1986 முதல் நம் தேசிய மலர். வேற்றுநாட்டுக் கலப்பினமான ஊதா அல்லியையே பலர் அதுவென மயங்கி வளர்க்கின்றனர். அது இயற்கை நீர்நிலைகளிலும் பரவுகின்றது. ஆகவே, எதனையும் நம் குளத்தில் இடுமுன் அறிந்தோரைக் கேட்போம்.

லின்னேயஸின் கணிப்புத் திருத்தப்பட்டமையால் அவர் பெருமை குன்றவில்லை. மூத்தோர் சொன்னதைப் போற்றுவோம். சான்று வந்தபோது திருத்திக்கொள்ளவும் நாணாதிருப்போம். இளைஞர்களே, நாளை குளக்கரைக்குச் சென்று அவ்விரண்டு இலைகளையும் ஒருமுறை பாருங்கள்.