வெண்பல்லும் கோதுமையும்

அரியலூரில் பயிலும் மாணவி ஒருத்தியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவளுக்குச் சீலியாக் நோய் உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் வயிற்றுக்குள் சென்றால், அவள் உடலின் காப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்குவதே அதற்கு மருத்துவம். அவளுடைய முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் உள்ளன. பல்லை வெளுப்பாக்கும் பசையொன்றை வாங்க விரும்புகிறாள். அதில் கோதுமை இருக்குமோ என்று அஞ்சுகிறாள்.

உணவைப் பொறுத்தவரை அவளுக்குக் குறையில்லை. அரிசியும், பெரம்பலூர்ச் சீமையின் மக்காச்சோளமும், வரகும், கம்பும் தீங்கற்றவை. இரசத்தில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பதுண்டு என்பதை மட்டும் அவள் மறத்தலாகாது. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. 2016-இல் வெளியான ஆய்வொன்று, வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கு இந்நோய் இருக்க, தென்னிந்தியாவில் ஆயிரவரில் ஒருவருக்கே இருப்பதாகக் கண்டது. ஆயிரத்தில் ஒருத்தியின் கேள்விக்குக் கடைக்காரர் எவ்வாறு விடை அறிந்திருப்பார்?

விடையை அவளே தேடலாம். உணவுப் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாதிருந்தால்தான் 'குளூட்டன் அற்றது' என்று குறிக்கலாம். பற்பசையோ நம் சட்டப்படி ஒப்பனைப் பொருள். ஆகவே அக்குறி இல்லாமையால் மட்டும் அஞ்ச வேண்டுவதில்லை. உறையிலுள்ள பட்டியலில் கோதுமைக்குத் 'திரிட்டிகம்', பார்லிக்கு 'ஹார்டியம்', ரைக்குச் 'செகாலே' என்ற இலத்தீன் பெயர்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஐயம் எஞ்சினால் உற்பத்தியாளரைக் கேட்டு எழுதலாம். பசையில் சிறிதளவு வயிற்றுக்குள் போய்விடுமாதலின் இது வீண் அச்சமன்று. மற்றபடி, பல்லைத் தேய்க்கும் வெண்தூள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. அரியலூரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான்! நிறம் போக்கும் பெராக்சைடிலும் குளூட்டன் இல்லை. கரித்தூளிலும் செங்கற்பொடியிலும் இல்லைதான். ஆயினும் அவை பல்லின் மேலுறையான எனாமலைத் தேய்த்துவிடும்.

ஆனால் அத்திட்டுகள் அழுக்கா என்பதை அவள் முதலில் அறிய வேண்டும். நிலைப்பற்களின் எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவாகிறது. அப்போதே இந்நோய் இருந்தால், இடமும் வலமும் ஒத்த பற்களில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுகளும் குழிகளும் தோன்றக்கூடும். வெளுப்பாக்கும் பசை குழியை நிரப்பாது. பல் மருத்துவர் பல்லின் நிறமுடைய பிசினால் அவற்றை மூடுவார்.

குடிநீரில் மிகுந்த புளூரைடும் இத்தகைய கறையை உண்டாக்கும். திட்டுள்ளோர் அனைவரும் நோயாளிகள் அல்லர். எனினும், வயிற்றுக் கோளாறு ஏதுமில்லாத சிலரிடம் பல்லே இந்நோயின் முதல் தடயமாக இருந்ததுண்டு. அத்தகையோர் மருத்துவரிடம் குருதிச் சோதனை பற்றிக் கேட்கட்டும். சோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தலாகாது. முன்னரே நிறுத்தினால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமற் போகக்கூடும்.