வீட்டுத் தேதி வீட்டில் இருக்கட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது பிரயோஜனமான விஷயமா பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். நான் எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன விஷயம். செல்போன் காலண்டரில் தேதி குறித்து வைப்பது. முன்வரிசையில் என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தில் நான் செய்த தவறுக்கு விலை கொடுத்தவர் என் தாயார்.

நாம் படித்த நாளில் வீட்டுக்கு ஒரு காலண்டர். சிவகாசியில் அச்சடித்தது, மளிகைக் கடைக்காரர் கொடுத்தது, அடுக்களைச் சுவரில் தொங்கும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, பால்காரர் வராத நாள், தாத்தாவின் திதி எல்லாம் அதில்தான் இருக்கும். வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எழுதலாம். அப்பா அதைக் கழற்றிக்கொண்டு போய் ஆபீஸ் சுவரில் மாட்டவில்லை. நான் அதைத்தான் செய்தேன்.

ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே எல்லாருக்கும் அவுட்லுக் காலண்டர். நாள் முழுக்க அது கண் முன்னாடியே திறந்திருக்கும். அதனால் மீட்டிங்குடன் சேர்த்து வீட்டு விஷயங்களையும் அதிலேயே போட்டு வந்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், வண்டி இன்ஷூரன்ஸ், அம்மாவுக்கு நாலு மாதத்திற்கு ஒரு முறை கண் பரிசோதனை. அம்மாவுக்குக் கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, விடாமல் அழுத்தத்தை அளந்து பார்த்து வர வேண்டும். வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து மெல்லக் குறையும். போனது திரும்பாது.

வேலையை விட்ட அன்று மாலையே கணக்கு மூடப்பட்டது. அதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு அவர்களுடையது. புது வேலை, புது ஊர், வீடு மாற்றம். நினைவூட்டும் மணி அடிக்கவில்லை. மணி அடிக்கவில்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனபோது ஏழு மாதம் கடந்திருந்தது. இடது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. "உனக்கு வேலை அதிகம்பா, பரவாயில்லை" என்றார் அம்மா. இன்றும் இடது பக்கத்தில் வைக்கும் தம்ளரைக் கை தட்டிவிடுகிறது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். "கூகுள் நல்லதா, அவுட்லுக் நல்லதா, ஆப்பிள் நல்லதா?" என்று பலரும் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. முதல் கேள்வி: கணக்கு யாருடையது? ஆபீஸில் எதைப் பயன்படுத்துவது என்பதை ஆபீஸ் தீர்மானிக்கும். நாம் தேர்ந்தெடுப்பது வீட்டுக்கான காலண்டரை மட்டும்தான். அது நம் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: வீட்டில் உள்ளவர்கள் பார்க்க, எழுத முடியுமா? எல்லாரிடமும் ஐபோன் என்றால் ஆப்பிளே போதும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் கலந்திருந்தால் கூகுள் சுலபம், அது இரண்டிலும் ஓடும். எங்கள் வீட்டில் அம்மா பெயரில் ஒரு காலண்டர் போட்டு, தங்கைக்கும் என் மகளுக்கும் எழுதும் உரிமை கொடுத்திருக்கிறேன். இப்போது நான் மறந்தாலும் இன்னும் இரண்டு போனில் மணி அடிக்கும்.

மூன்றாவது கேள்வி: நாளைக்கு வெளியே வர வழி இருக்கிறதா? சன்ரைஸ் என்று ஒரு காலண்டர் செயலி இருந்தது. பலருக்கும் பிடித்தது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2016-இல் மூடிவிட்டது. எந்தக் கடையும் மூடப்படலாம். நல்லவேளையாக 1998-லேயே ஐகேலண்டர் என்ற பொது வடிவத்தை வகுத்திருக்கிறார்கள். 2009-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். அந்த வடிவில் உள்ள கோப்பின் பெயர் ஐ.சி.எஸ். என்று முடியும். கூகுள், அவுட்லுக், ஆப்பிள் மூன்றுமே அதைப் படிக்கும். வருஷத்திற்கு ஒரு முறை அப்படி ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கூகுள் காலண்டரைக் கம்ப்யூட்டரில் திறந்து, அமைப்புகளுக்குள் போனால் ஏற்றுமதி என்று இருக்கும். இரண்டு நிமிஷ வேலை.

"ரெண்டு காலண்டரை யார் சார் மாறி மாறிப் பார்ப்பது?" என்பீர்கள். வேண்டியதில்லை. கணக்கு இரண்டாக இருந்தாலும் போனில் ஒரே திரையில், வேறு வேறு நிறத்தில் பார்க்கலாம். ஆனால் ஆபீஸ் கணக்கைச் சொந்தப் போனில் சேர்க்கும்முன் திரையில் வரும் நிபந்தனையைப் படியுங்கள். சில இடங்களில் போனில் உள்ளதையே தூரத்திலிருந்து அழிக்கும் உரிமையைக் கேட்பார்கள். டாக்டரிடம் போகும் நாளில் ஆபீஸ் காலண்டரில் "சொந்த வேலை" என்று நேரத்தை மட்டும் அடைத்துவிடுங்கள். என்ன நோய், எந்த டாக்டர் என்பது அங்கே தேவையில்லை.

திதிக்கு ஒரு வார்த்தை. "ஆண்டுதோறும்" என்று போட்டுவிட்டால் அதே ஆங்கிலத் தேதியில்தான் மணி அடிக்கும். திதி வருஷத்துக்கு வருஷம் நகரும். தை பிறந்ததும் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் புதிதாகக் குறிக்க வேண்டும். அடுக்களைக் காலண்டருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் காலண்டர் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவும் ஆபீஸ் கணக்கு மாதிரிதான். படிப்பு முடிந்தபின் அது உங்களுடையது அல்ல. பரீட்சைத் தேதி அதில் இருக்கட்டும். அப்பா அம்மாவின் மருந்துத் தேதியைச் சொந்தக் கணக்கில் போடுங்கள். இன்று இரவே மாற்றிவிடுங்கள். வேலை மாறும், ஊர் மாறும். அந்தத் தேதிகள் உங்களோடு வரவேண்டும்.