நாக்குக்குத் தெரியாத மில்லிகிராம்

நடுவர் அவர்களே! "பார்த்து வாங்கினால் போதும், சட்டம் எதற்கு?" என்று மேசையைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

நம் உணவைக் காப்பது சட்டமா, விழிப்புணர்வா? சட்டமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியிலே அந்த அம்மா கேட்டாங்க: "கத்தரிக்காயிலே புழு இருந்தா எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு அதிகாரி வரணுமா?" தெரியும் தாயே! புழு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததை என்ன செய்வீங்க?

ஒரு விதையைச் சொல்றேன். கஞ்சா விதை. (சிரிப்பு) சிரிக்காதீங்க! பாக்கெட்டிலே 'ஹெம்ப்' என்று நாகரிகமாகப் போட்டிருப்பான். நம்ம சாக்குச் சணல் இல்லை. கஞ்சாச் செடியின் இனமேதான். உத்தராகண்டிலே, குமாவோன் மலையிலே, இந்த விதையை வறுத்து அரைத்துச் சட்னியாகக் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். போதை தருகிற டி.எச்.சி. என்ற பொருள் பூவின் பிசினிலே இருக்கிறது. விதைக்குள்ளே அநேகமாகக் கிடையாது. உள்ளே இருப்பது புரதமும் எண்ணெயும்தான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமே, பூங்கொத்தோடு சேராத விதையைக் கஞ்சா என்ற கணக்கிலே சேர்க்கவில்லை.

"எங்க கட்சிக்கே பேசிட்டீங்களே!" என்று எதிரணி கைதட்டுது. பொறுங்க! விதை விளையறதே அந்தப் பூங்கொத்துக்குள்ளேதான். பிசின் விதையின் தோலிலே ஒட்டிக்கும். சரியாகச் சுத்தம் செய்யாமல் ஆட்டினால் எண்ணெயிலே இறங்கிடும். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் தெரியுமா? முகர்ந்தால் தெரியுமா?

அதனால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் விதி போட்டது. டி.எச்.சி. விதையிலும் மாவிலும் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. எண்ணெயில் 10க்கு மேல் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறார்: விதைக்கு 3, எண்ணெய்க்கு 7.5. ஒரு கிலோ என்றால் 10 லட்சம் மில்லிகிராம். 10 லட்சம் பேர் கூடின திருவிழாவிலே 5 திருடனைப் பிடிக்கணும். உங்க நாக்கு பிடிக்குமா அம்மா? ஆய்வுக்கூடம்தான் பிடிக்கும். அந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு என்று வியாபாரியிடம் சொல்ல யாருக்கு அதிகாரம்? உங்களுக்கா, எனக்கா? சட்டத்துக்கு! (கைதட்டல்)

லேபிளிலே கஞ்சா இலைப் படமும் போடக்கூடாது என்கிறது விதி. ஏன்? இலையைப் போட்டால், சத்துக்கு வாங்கறவன் ஒதுங்கிடுவான். வேற எதுக்கோ வாங்கறவன் வரிசையிலே நிப்பான்! (சிரிப்பு)

"விதி இருந்தும் கலப்படம் நடக்குதே" என்றார் எதிரணித் தம்பி. நடக்குது. பூட்டை உடைக்கிறான் என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பீங்களா தம்பி? பூட்டை இன்னும் கெட்டியாகப் போடுங்கள் என்றுதானே கேட்கணும்? விற்கிற பாட்டிலை அடிக்கடி எடுத்துச் சோதியுங்கள், தப்பினால் உரிமத்தைப் பறியுங்கள் என்று கேட்போம்.

அந்த எண்ணெயைச் சத்து என்று நம்பிப் பிள்ளைக்கு ஊட்டுகிறாள் ஒரு தாய். தோசையிலே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டப் போகிறான் ஒரு டிரைவர். அவர்கள் விழிப்பாக இல்லையா? விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் விழிக்குத் தெரியவில்லையே!

விழிப்புணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லேபிளைப் படிப்பது விழிப்புணர்வு. அந்த லேபிளிலே உண்மையை எழுத வைப்பது சட்டம். எழுதியதே பொய் என்றால், படித்தவனும் ஏமாளிதான்!

எனவே நடுவர் அவர்களே, தீர்ப்பைச் சட்டத்தின் பக்கமே தாருங்கள்.