மழையே பனிக்கட்டியாகும் விந்தை



குளிர்நாடுகளில் குளிர்காலத்து மேகத்தினின்று புறப்படுவது பெரும்பாலும் வெண்பனியே. தரைவரை குளிர் நிலவினால் அது வெண்பனியாகவே விழும். இடையே வெப்பக்காற்று குறுக்கிட்டால் உருகி நீர்த்துளியாகும். அதன்கீழுள்ள குளிர்காற்று அடர்ந்த அடுக்காயின், துளி மீண்டும் உறைந்து பனிக்கட்டி மணியாகும். மெல்லிய அடுக்காயின், 0 பாகைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் வந்து, பட்ட பொருளின்மீது கண்ணாடிபோல் உறையும். இதுவே உறைமழை.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நாள்கணக்கில் பெய்த உறைமழையின் பாரத்தால் மின்கோபுரங்கள் சாய்ந்தன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்கள் இருளில் மூழ்கின. சாறு வடித்து வாழ்வோரின் மேப்பிள் மரங்களும் முறிந்தன. பால்மரம் சீவிப் பழகிய நாம் அவ்விழப்பை நன்குணர்வோம்.

ஆகவேதான் வானிலை ஆய்வாளர்கள் பலூன்களைப் பறக்கவிட்டு, மேலுள்ள காற்றின் வெப்பநிலையையும் அளந்து எச்சரிக்கை விடுக்கின்றனர்.