நூலா, துணியா, பனியனா?



வெளிநாட்டுச் சரக்கு வந்தால் வேலை போகும் என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே திருப்பூர்தான், வெளிநாட்டுப் பஞ்சுக்கு வரி வேண்டாம் என்று டெல்லிக்கு மனு அனுப்புகிறது. இரண்டும் நியாயம்தான். வருவது பஞ்சா, துணியா, தைத்த பனியனா என்று பார்க்க வேண்டும்.

பஞ்சாக வந்தால் நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று அத்தனை கூலியும் இங்கேயே நிற்கும். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீத வரி போட்டார்கள். பருத்தி விவசாயிக்கு அது ஒரு பாதுகாப்பு. அதையும் தள்ளிவிட முடியாது. 2022இல் நூல் விலை எகிறியபோது ஏப்ரலில் அந்த வரியைத் தற்காலிகமாக நீக்கினார்கள். விலை உடனே இறங்கவில்லை. மே மாதம் திருப்பூரில் இரண்டு நாள் கம்பெனிகளை மூடிப் போராடினார்கள்.

துணியாக வந்தால் கதை வேறு. சீனாவின் செயற்கை இழைப் பின்னல் துணி மலிவாகக் கிடைப்பது தையல் கம்பெனிக்கு லாபம். பக்கத்துத் தெருவில் நாலு நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு அது அடி. ஒரே ஊரில் இரண்டு கட்சி! 2024இல் சில ரகங்களைக் கிலோ மூன்றரை டாலருக்குக் குறைவாகக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். 2025 பட்ஜெட்டில் ஒன்பது வகைகளுக்கு 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இதில் எது அதிகமோ அது வரி என்றார்கள். கிலோக் கணக்கு எதற்கு? பில்லில் விலையைக் குறைத்துப் போடலாம். தராசில் எடையைக் குறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

தைத்தே வந்துவிட்டால்? வங்கதேச ஆடைகளுக்கு 2011இல் இந்தியா வரிவிலக்குக் கொடுத்தது. உள்நாட்டுச் சந்தையை நம்பித் தைக்கிறவர்களின் நீண்ட நாள் குறை இது. ஆனால் வங்கதேசம் நம்மிடம்தான் ஏராளமாகப் பருத்தி நூல் வாங்குகிறது. டாக்காவில் தைத்து இங்கே விற்கும் டி-ஷர்ட், நம் தையல்காரரின் வேலையைப் பறித்து நம் நூற்பாலைக்கே வேலை கொடுத்திருக்கவும் கூடும். 2025 ஏப்ரலில் அவர்கள் தரைவழியாக நூல் வருவதை நிறுத்தினார்கள். மே மாதம் நாம், அவர்களுடைய ஆடைகள் கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றோம்.

பனியன் கம்பெனியில் வேலை போவது என்றால் கேட்டில் பூட்டுத் தொங்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். சம்பளக் கவர் மெலியும். அப்புறம் ஒப்பந்தக்காரர், "ஆர்டர் வந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்பார். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பலர் எந்தக் கம்பெனியின் பதிவேட்டிலும் இல்லை. அதனால், இறக்குமதியால் இத்தனை பேருக்கு வேலை போயிற்று என்று யாராவது திட்டமாக ஒரு எண்ணைச் சொன்னால், இந்தப் பீஸ் ரேட் ஆட்களையும் எண்ணினீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.