கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

பள்ளி ஆண்டு விழா. மேடையில் ஒரு சிறுமி கணீரென்று வசனம் பேசுகிறாள். கடைசி வரிசையில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினாலும் இரைச்சல்தான் கூடுகிறது. ஏன்?

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே தொல்லை. புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேசிய சொல் அடங்கவே ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பினார். இரவின் அமைதியில் ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது.

அரங்கின் கன அளவு கூடினால் முழக்கம், அதாவது ஒலி அடங்க ஆகும் நேரம், நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். இதுதான் அவர் கண்ட கணக்கு. அதைக் கொண்டு வடிவமைத்து 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இன்றும் உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்று.

பேச்சுக்கு ஏறத்தாழ 1 விநாடி முழக்கம் போதும். இசைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். பள்ளி அரங்கிலோ நாடகமும் நடக்கும், பாட்டும் நடக்கும். எனவே பக்கச் சுவர்களில் கனத்த திரைச்சீலைகள் வையுங்கள். நாடகத்துக்கு விரித்துவிடலாம், பாட்டுக்கு ஒதுக்கிவிடலாம். பின்சுவரில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்துங்கள். இருக்கைகள் பின்னே போகப்போகத் தரை உயரட்டும்.

அரசுப் பள்ளிக்கு அரங்கு கட்டும்போது, வரைபடத்திலேயே இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள். நம் பிள்ளைகளின் குரல் தெளிவாகக் கேட்பது அவர்களுக்கு நாம் தரவேண்டிய மரியாதை.